புத்தூர்க் கட்டு

புத்தூர்க் கட்டு என்பது எலும்பு முறிவு, மூட்டு நழுவல், சுளுக்கு ஆகியவற்றுக்குப் பச்சிலை அரைப்பு, முட்டை வெண்கரு, துணி, மூங்கில் தப்பை ஆகியவற்றைக் கொண்டு கட்டுப்போடும் மரபுவழி மருத்துவ முறையாகும். ஆந்திரப் பிரதேசத்தில், தமிழ்நாட்டின் திருத்தணிக்கு வடக்கே அமைந்துள்ள புத்தூர் என்னும் ஊரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு குடும்பத்தாரின் கைத்தொழிலாகத் தொடங்கிய இம்முறை, இன்று தமிழகத்தின் பெரும்பாலான நகரங்களில் பெயர்ப்பலகையாகவேனும் காணக்கிடைக்கிறது. எளிய முறிவுகளில் இதனால் பயன்பெற்றோர் பலர். தவறான முறிவில், தவறான இறுக்கத்தில் போடப்பட்ட கட்டினால் கை கால்களை இழந்தோரும் உண்டு. எனவே இம்முறை எங்கே உதவும், எங்கே தீங்காகும் என்பதை அறிவது நடைமுறைத் தேவையாகும்.

பெயர்

தமிழகத்திலும் ஆந்திரத்திலும் ஈழத்திலும் புத்தூர் என்னும் பெயருடைய ஊர்கள் பல உள்ளன. திருச்சிராப்பள்ளியில் ஒரு புத்தூரும் யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தூரும் உண்டு. இக்கட்டுக்கும் அவ்வூர்களுக்கும் தொடர்பில்லை. தெலுங்கிலும் இது "புத்தூரு கட்டு" என்றே வழங்குகிறது. "கட்டு" என்னும் சொல் இரு மொழிகளுக்கும் பொதுவானது. பேச்சு வழக்கில் "மாவுக்கட்டு" என்ற சொல் இதற்கும் ஆளப்படுகிறது, மருத்துவமனைகளில் போடப்படும் பாரிசுச் சாந்துக் கட்டுக்கும் ஆளப்படுகிறது. இதனால் குழப்பம் நேர்வதுண்டு. இரண்டும் பொருளாலும் இயங்கும் விதத்தாலும் வேறானவை.

தமிழக ஊர்களில் "புத்தூர்க் கட்டு" என்று பலகை வைத்துள்ள நிலையங்கள் அனைத்தும் புத்தூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அப்பெயர் நாளடைவில் எலும்பு வைத்தியம் என்பதற்கே மறுபெயராகிவிட்டது. பலகையை மட்டும் கொண்டு கட்டுப்போடுபவரின் பயிற்சியை மதிப்பிட இயலாது.

அமைவிடமும் எல்லையும்

புத்தூர், சென்னையிலிருந்து திருத்தணி வழியாக ரேணிகுண்டா செல்லும் நெடுஞ்சாலையிலும் அரக்கோணம் - ரேணிகுண்டா தொடர்வண்டிப் பாதையிலும் அமைந்துள்ளது. திருத்தணியிலிருந்து வடக்கே செல்லும் வண்டி பொன்பாடி, நகரி, ஏகாம்பரகுப்பம் ஆகிய நிலையங்களைக் கடந்து புத்தூரை அடைகிறது. மிக நீண்ட பெயர் கொண்ட நிலையம் எனப் பொது அறிவு நூல்களில் இடம்பெறும் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை இவ்வழியில்தான் உள்ளது.

இன்று மாநில எல்லை இவ்விரு ஊர்களையும் பிரித்தாலும், கட்டு தோன்றிய காலத்தில் அப்படி ஓர் எல்லை இல்லை. அப்போது இப்பகுதி சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகர சமீனைச் சார்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது இரு ஊர்களும் அம்மாவட்டத்தில் சேர்ந்தன. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணியும் ஆந்திரத்துக்குச் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் பரிந்துரைக்கும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்துக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. புத்தூர் சித்தூர் மாவட்டத்திலேயே தங்கியது. 2022 ஏப்ரலில் ஆந்திரத்தில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிருவாக எல்லை பலமுறை மாறியும், கை முறிந்தவர்களின் வழித்தடம் மாறவில்லை.

தோற்றம்

குடும்ப மரபின்படி, புத்தூரை அடுத்த ராச்சபாளையம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கேசவ ராசு என்பவர் 1881ஆம் ஆண்டில் இம்முறையைத் தொடங்கினார். வேட்டைக்குச் சென்ற இடத்தில், ஒரு குறிப்பிட்ட இலையில் சுற்றிவைத்த விலங்கின் முறிந்த எலும்பு கூடியிருந்ததைக் கண்டு அவ்விலையின் பண்பை அறிந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அக்கதை சொல்பவருக்கேற்ப வேறுபடுகிறது. உயிரற்ற உடலில் எலும்பு கூடுவது இயலாது என்பதால், இக்கதையை வரலாறாகக் கொள்வதைவிட, மூலிகைக்கு மதிப்பளிக்கும் தொன்மமாகக் கொள்வதே பொருந்தும். அவர் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே கட்டுப்போட்டு வருகின்றனர்.

புத்தூர் முறையை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவற்றுள், அசோக் குமார் பாண்டா, சரோஜ் ரௌத் ஆகியோர் 2011இல் ஆயுர்வேத, ஒருங்கிணைந்த மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது. அது செய்முறையை விவரிக்கும் கட்டுரையேயன்றி, பிற முறைகளோடு ஒப்பிட்டு விளைவை அளந்த ஆய்வு அன்று. இவ்வேறுபாட்டைக் கருதாமல் "அறிவியல் அடிப்படையில் மெய்ப்பிக்கப்பட்டது" என விளம்பரங்களில் எழுதுவது சரியன்று.

கட்டும் முறை

வைத்தியர் முதலில் அடிபட்ட இடத்தை விரல்களால் தடவி, எலும்பின் ஒழுங்கு எங்கே பிசகியிருக்கிறது என்று அறிகிறார். இன்று பெரும்பாலானோர் எக்சு-கதிர் படத்துடனேயே வருகின்றனர். வைத்தியர்களும் அதைக் கேட்டுப் பார்க்கின்றனர். அதன் பின்னர் ஒருவர் உறுப்பை மேற்புறம் பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழ்ப்புறமாக இழுத்து, விலகிய முனைகளை நேருக்கு நேர் கொண்டுவருகின்றனர். மயக்க மருந்து தரப்படுவதில்லை. நோயாளிக்கு மிகுந்த வலி தரும் கட்டம் இதுவேயாகும்.

எலும்பு நேரானபின், பச்சிலை அரைப்பும் முட்டை வெண்கருவும் பூசப்பட்டு, துணி சுற்றப்படுகிறது. அதன்மேல் மெல்லியதாகச் சீவிய மூங்கில் தப்பைகளை உறுப்பின் நெடுக்கில் வைத்து, மீண்டும் துணியால் இறுக்கிக் கட்டுகின்றனர். இத்தப்பைகளுக்குச் சிம்பு என்றும் பெயர். வெண்கரு உலரும்போது துணி விறைத்து ஓடு போலாகிறது. இலைகளின் பெயரைக் குடும்பத்தார் வெளியிடுவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் கட்டு பிரிக்கப்பட்டு, புதிதாகப் போடப்படுகிறது. எலும்பு கூடிய பின்னர், விறைத்துப்போன மூட்டை எண்ணெய் தடவி நீவி அசைக்கின்றனர்.

செலவு குறைவு, காத்திருப்பு குறைவு, அறுவை இல்லை, மொழி தெரிந்த மனிதர் என்பன மக்களை இங்கு ஈர்க்கும் காரணங்கள். ஆணியோ தகடோ வைக்கும் அறுவைக்கு ஆகும் தொகையை எண்ணிப் பார்க்கும் கூலித் தொழிலாளி ஒருவர் புத்தூர் வண்டியில் ஏறுவதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

எலும்பு கூடும் விதம்

முறிந்த எலும்பைக் கூட்டுவது மருந்தன்று. உடலே அதைச் செய்கிறது. முறிந்த இடத்தில் முதலில் குருதி உறைகிறது. சில நாள்களில் அவ்வுறைவு நார்த்திசுவாகவும் குருத்தெலும்பாகவும் மாறி, இரு முனைகளையும் மென்மையாக இணைக்கிறது. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கடினமான எலும்புத் தழையாகிறது. இறுதியில், உடல் மிகைப் பகுதியைக் கரைத்துப் பழைய வடிவத்தை ஏறத்தாழ மீட்கிறது. இக்கட்டம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். பெரியவர்களுக்கு முன்கை முறிவு கூட ஏறத்தாழ 6 வாரமும், கால் முன்னெலும்பு கூட 12 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். குழந்தைகளுக்கு இது விரைவில் நிகழும்.

மருத்துவரின் வேலை இரண்டே: முனைகளை நேராக வைப்பது, கூடும்வரை அவை விலகாமல் காப்பது. இவ்விரண்டும் ஒழுங்காக நடந்தால், வெளியே பூசியது எந்த இலையாக இருந்தாலும் எலும்பு கூடும். புகையிலையும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் கூடுதலைத் தாமதிக்கும்.

மூங்கில் தப்பைக்கு ஓர் இயல்பான நன்மையும் உண்டு. அது உறுப்பை முழுவதும் அசைவற்றதாக்குவதில்லை, சிறிது நெகிழ்கிறது. முழு அசைவின்மையைவிடச் சிற்றசைவு எலும்புத் தழை உருவாவதைத் தூண்டும் என்பது இன்று எலும்பியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அமெரிக்க எலும்பு மருத்துவர் அகுஸ்தோ சார்மியெந்தோ 1960களில், மூட்டுகளை அசையவிட்டு முறிந்த பகுதியை மட்டும் தாங்கும் இயக்கக் கட்டுகளை உருவாக்கிப் பரப்பினார். கால் முன்னெலும்பு, மேற்கை எலும்பு முறிவுகளில் அவை இன்றும் பயனில் உள்ளன. மூங்கில் தப்பைக் கட்டு அக்கோட்பாட்டை அறியாமலேயே அதற்கு அருகில் நிற்கிறது.

இம்முறையின் புகழுக்கு மற்றொரு காரணமும் கருதத்தக்கது. காறை எலும்பு, விலா, விரல், குழந்தைகளின் முன்கை ஆகியவற்றில் நேரும் முறிவுகளுள் மிகப் பெரும்பாலானவை எளிய தாங்கலிலேயே கூடிவிடும். அவை குணமானதும் பெயர் கட்டுக்குச் சேர்கிறது. கூடாதவர்கள் கட்டுப்போட்டவரிடம் திரும்பிச் செல்லாமல் மருத்துவமனைக்குச் சென்றுவிடுகின்றனர். ஆகவே வைத்தியர் தம் வெற்றிகளை மட்டுமே காண்கிறார். எலும்பு அறுவை மருத்துவர் அவருடைய தோல்விகளை மட்டுமே காண்கிறார். இரு தரப்பினரும் உறுதியோடு பேசுவதும், இருவரும் ஒருவரையொருவர் நம்பாததும் இதனாலேயே ஆகும்.

சித்த, ஆயுர்வேத மரபில்

எலும்பைக் கட்டும் கலை புத்தூரில் தோன்றியதன்று. சுசுருத சம்கிதை மூட்டு விலகலை 6 வகையாகவும் எலும்பு முறிவை 12 வகையாகவும் பிரித்து, இழுத்தல், அழுத்தல், பொருத்துதல், மரப்பட்டையால் கட்டுதல் ஆகியவற்றைக் கூறுகிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் முதலாவதாகக் கூறப்படுவதே கட்டுதான். பிசகிய எலும்பை நேராக்குவதற்கு அவ்வரிசையில் முறிச்சல் என்று தனிப்பெயரே உண்டு. பற்று, ஒற்றடம், தொக்கணம் ஆகியவையும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. உளுந்து மாவையும் முட்டை வெண்கருவையும் குழைத்துப் பற்றிடுவது தமிழகச் சிற்றூர்களில் நெடுநாள் வழக்கம். ஈழத்தில் இத்துறை முறிவு நெரிவு வைத்தியம் என்றும், மருந்து வைத்துக் கட்டுவது புக்கை கட்டுதல் என்றும் வழங்கப்படுகின்றன.

உள்மருந்தாகப் பரவலாகப் பேசப்படுவது பிரண்டை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பாவும் அவருடைய உடனுழைப்பாளர்களும் 1960களில் விலங்குகளில் செய்த ஆய்வுகளில், பிரண்டைச் சாறு எலும்பு கூடுவதை விரைவுபடுத்துவதாகக் கண்டனர். அதைக் கொண்டு பிரண்டைத் துவையல் உண்டால் முறிவு கூடும் என முடிவு கட்டுவது மிகை. துவையலாக உண்பதில் தீங்கில்லை, நன்றாகப் புளி சேர்த்து அரிப்பை முறித்தால் போதும்.

தீங்குகள்

எலும்பு முறிந்த உறுப்பு முதல் இரண்டு மூன்று நாள்களில் வீங்குவது இயல்பு. அவ்வீக்கத்துக்கு இடமில்லாதபடி சுற்றிலும் இறுக்கிக் கட்டினால், தசைகள் அமைந்துள்ள உறைகளுக்குள் அழுத்தம் ஏறுகிறது. சிறு குருதிக்குழாய்கள் மூடிக்கொள்கின்றன. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு மேல் இந்நிலை நீடித்தால் தசையும் நரம்பும் மீளாதபடி கெடத் தொடங்குகின்றன. முற்றினால் திசு இறந்து, உறுப்பையே அகற்ற நேரிடும். உறுப்பு தப்பினாலும், தசை சுருங்கி விரல்கள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடக்கூடும். இச்சுருக்கத்தை இறுக்கமான கட்டுகளோடும் குருதித் தடையோடும் தொடர்புபடுத்திச் செருமானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபான் ஃபோல்க்மன் கட்டுரை வெளியிட்டது 1881ஆம் ஆண்டில், அதாவது புத்தூரில் கட்டு தொடங்கியதாகக் கூறப்படும் அதே ஆண்டில் ஆகும். அவர் கண்டது மருத்துவமனைகளில் போடப்பட்ட கட்டுகளின் விளைவை. எனவே இது மூங்கிலுக்கு மட்டும் உரிய தீங்கன்று; பாரிசுச் சாந்தும் இதைச் செய்யும். வேறுபாடு, மருத்துவமனையில் முதல் நாள்களில் முழுக்கட்டுக்குப் பதில் பாதிக்கட்டு வைத்து, விரல்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் வழக்கம் உள்ளதேயாகும்.

கட்டு எதுவாயினும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: நேரம் செல்லச்செல்லக் குறையாமல் கூடும் வலி, பிறர் விரலை மெல்ல நீட்டும்போது தாங்கமுடியாத வலி, மரத்துப்போதல், விரல் வெளிறுதல் அல்லது நீலமாதல், குளிர்ந்துபோதல், விரலை அசைக்க இயலாமை. நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு நிறம் ஏறத்தாழ 2 நொடிக்குள் திரும்ப வேண்டும். இவற்றுள் முதல் இரண்டும் ஏனையவற்றுக்கு முன்பே தோன்றுவன. "கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்று வீட்டார் ஆறுதல் கூறும் நேரம் பெரும்பாலும் இதுவே. கட்டை உடனே தளர்த்தி, காலை வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சில நிலைகளில் மரபுவழிக் கட்டைத் தொடங்கவே கூடாது. தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரியும் முறிவில் இலை அரைப்பைப் பூசுவது நுண்ணுயிரித் தொற்றுக்கும் இசிவு நோய்க்கும் வழிவகுக்கும். குழந்தைகள் விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே நேரும் முறிவு, கையின் முதன்மைக் குருதிக்குழாயை ஒட்டி நிகழ்வது. ஃபோல்க்மன் சுருக்கம் பெரிதும் நேர்வது இங்கேதான். முதியோரின் இடுப்பெலும்பு முறிவு கட்டினால் கூடுவதில்லை. படுக்கையில் கிடத்துவதால் படுக்கைப்புண்ணும் நுரையீரல் அழற்சியும் வரும். தண்டுவட முறிவும் அத்தகையதே. வளரிளம் பருவத்தினருக்கு அடிபடாமலேயே முழங்கால் அருகே வீங்கி, இரவில் வலித்தால், அது எலும்புப் புற்றாகவும் இருக்கலாம். அதை நீவுவதும் கட்டுவதும் விலைமதிப்பற்ற மாதங்களை வீணாக்கும்.

இதே சிக்கல் ஆப்பிரிக்காவிலும் உண்டு. எத்தியோப்பியா, நைசீரியா ஆகிய நாடுகளில் கட்டு வைத்தியர்களுக்குக் குறுகிய பயிற்சி தந்து, எதைத் தொடக்கூடாது, எந்த இறுக்கம் ஆகாது என்று கற்பித்த பின்னர் சிக்கல்கள் குறைந்ததாக 2005, 2006 ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வெளிவந்தன. தடைசெய்வதைவிடப் பயிற்றுவிப்பது உறுப்புகளைக் காக்கும் என்பதற்கு இவை சான்றாகக் காட்டப்படுகின்றன.

இங்கிலாந்தின் எலும்பு வைத்தியர்கள்

எலும்பு வைத்தியக் குடும்பங்கள் இந்தியாவுக்கு மட்டும் உரியவை அல்ல. இங்கிலாந்தில் 1736ஆம் ஆண்டளவில் எப்சம் நகரில் சாரா மாப் என்னும் பெண் இத்தொழிலில் பெரும்புகழ் பெற்றிருந்தார். பட்டம் பெற்ற மருத்துவர்கள் இத்தகையோரைப் போலிகள் என இகழ்ந்துவந்த சூழலில், 1867இல் சேம்சு பாச்செட் என்னும் அறுவை மருத்துவர், எலும்பு வைத்தியர்கள் குணமாக்கும் நோய்கள் குறித்து உரையாற்றி, அவர்களிடம் நல்லதைக் கற்று, தீயதை விலக்குமாறு தம் துறையினரைக் கேட்டுக்கொண்டார்.

இவ்விரு தரப்பின் இணைவு ஒரு குடும்பத்தில் தெரிந்தது. வேல்சு நாட்டின் ஆங்கிள்சித் தீவைச் சேர்ந்த எலும்பு வைத்தியக் குடும்பத்தில் பிறந்த இயூ ஓவன் தாமசு (1834-1891) முறையாக மருத்துவம் பயின்று, லிவர்ப்பூலில் தொழில் நடத்தினார். தொடையெலும்பைத் தாங்க அவர் வடிவமைத்த தாமசு தப்பை, அவருடைய மனைவியின் உறவினரான இராபர்ட்டு சோன்சின் முயற்சியால் முதல் உலகப் போரில் பயன்படுத்தப்பட்டு, தொடை முறிவினால் நேர்ந்த இறப்புகளைப் பெரிதும் குறைத்தது. பிரித்தானிய எலும்பியலின் தந்தை என அவர் போற்றப்படுகிறார். இந்திய மருத்துவமனைகளில் இன்றும் அத்தப்பை உள்ளது. புத்தூருக்கு அப்படி ஒரு தாமசு வாய்க்கவில்லை.

கைரோபிராக்டிக்கும் தொடர் பேணலும்

எலும்பு வைத்தியத்தின் மற்றொரு கிளை அமெரிக்காவில் வேறு வடிவம் கொண்டது. 1895இல் அயோவா மாநிலத்தின் தாவன்போர்ட்டு நகரில் தானியல் தாவீது பால்மர், முதுகெலும்பைக் கையால் தட்டிச் சீராக்குவதன் மூலம் நோய்கள் தீரும் என்று கூறிக் கைரோபிராக்டிக் என்னும் முறையைத் தொடங்கினார். முள்ளெலும்புகளின் நுண்விலகலே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு உடற்கூற்றியல் சான்று இல்லை. ஆயினும் அம்முறை அமெரிக்காவில் சட்ட ஏற்புப் பெற்ற தனித் தொழிலாக வளர்ந்தது.

கட்டு வைத்தியத்துக்கும் கைரோபிராக்டிக்குக்கும் முதன்மையான வேறுபாடு நோயாளி எப்போது வருகிறார் என்பதில் உள்ளது. புத்தூருக்கு எலும்பு முறிந்தவர் வருகிறார், கூடியதும் போய்விடுகிறார். கைரோபிராக்டிக் நிலையங்கள் பல, வலி இல்லாதபோதும் மாதந்தோறும் வந்து முதுகெலும்பைச் சீர்செய்துகொள்வதே நோய்த்தடுப்பு என்று கூறுகின்றன. அண்மைக் காலமாக இந்தியப் பெருநகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றியுள்ளன. எலும்பு "மடக்" என்று ஒலிக்கும் காணொளிகள் இவற்றுக்கு விளம்பரமாகின்றன. அவ்வொலி எலும்பு இடம்மாறுவதால் எழுவதன்று. மூட்டு நீர்மத்தில் வளிக்குழிவு உண்டாவதால் எழுவது என்பது 2015இல் காந்த அதிர்வுப் படங்களின் மூலம் காட்டப்பட்டது. நம் வீடுகளில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதுவே.

தொடர் பேணல் குறித்த சான்றுகள் கலவையானவை. புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்குக் கையாற் செய்யும் சீராக்கல் சிறிதளவு உதவலாம் என்பதால், அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில் அதை மருந்தில்லா வழிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2018இல் சுவீடனில் 328 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்றில், வலி திரும்பத் திரும்ப வருபவர்களுள், முதல் சிகிச்சையில் பயன் கண்டவர்கள் முன்கூட்டியே குறித்த நாள்களில் சென்றபோது, வலித்தபோது மட்டும் சென்றவர்களைவிட ஓராண்டில் ஏறத்தாழ 13 நாள்கள் குறைவாக வலியால் தொல்லையுற்றனர். இப்பயன் அத்தகைய நோயாளிகளுக்கு உரியது. வலியே இல்லாதவருக்கு மாதச் சீராக்கல் நோயைத் தடுக்கும் என்பதற்கு இது சான்றாகாது. ஆத்துமா, குழந்தைகளின் வயிற்றுவலி முதலியவற்றைத் தீர்க்கும் என்ற கூற்றுகளும் ஏற்கத்தக்க சான்று அற்றவை. கழுத்தை வேகமாகத் திருப்பும் முறையில், மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த அரிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

தமிழ் மரபிலும் தொடர் பேணல் உண்டு. ஆனால் அது நிலையத்தில் அன்று, வீட்டில் நடப்பது. கிழமைக்கு இருமுறை எண்ணெய் முழுக்கு அதன் மையம். சித்த நூல்கள் தொக்கணத்தைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என 9 வகையாகக் கூறுகின்றன. இவற்றுள் முறுக்கலும் இழுத்தலும் கைரோபிராக்டிக் செயலுக்கு நெருங்கியவை. இடுப்புப் பிடித்தால், இரட்டையராகவோ கால் முன்னாகவோ பிறந்தவரைக் கொண்டு மிதிக்கச்செய்யும் வழக்கமும் சிற்றூர்களில் இருந்தது. பிடிப்புத் தானாகவே சில நாள்களில் விடும் இயல்புடையது என்பதால் அவ்வழக்கம் நிலைத்திருக்கலாம். முதியோர் எவரையும் அவ்வாறு மிதிக்கவிடுவது ஆபத்தானது. எலும்புத் தேய்வுள்ள முள்ளெலும்பு நொறுங்கக்கூடும்.

முறிவைத் தடுத்தல்

கீழ்முதுகு வலியைத் தடுப்பதில், 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, உடற்பயிற்சி தனியாகவோ அறிவுரையோடு சேர்ந்தோ பயன் தருகிறது. இடுப்புப் பட்டையும் காலணி அட்டையும் தருவதில்லை. எலும்பின் வலுவுக்கும் எடை தாங்கும் பயிற்சியே முதன்மையானது. நடத்தலும் படியேறுதலும் அத்தகையவை. திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகள் ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகக் கூறுவர். ஏறுவது நெஞ்சுக்கும் தசைக்கும் பயிற்சி. இறங்குவதே முழங்காலுக்குச் சுமை. முழங்கால் தேய்ந்தவர்கள் படியில் ஏறிச்சென்று வண்டியில் மலைச்சாலை வழியாக இறங்கலாம். ஆடிக் கிருத்திகை, ஆண்டிறுதிப் படித்திருவிழா ஆகிய நாள்களில் நெரிசலும் ஈரமான படிகளும் சேர்வதால் முதியோர் விழும் வாய்ப்பு மிகுதி.

உணவில், இப்பகுதி மக்கள் நெடுங்காலமாக உண்டுவரும் கேழ்வரகுக் களி சுண்ணாம்புச் சத்து மிக்கது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 முதல் 360 மில்லிகிராம் உள்ளது. அரிசியில் அதில் ஒரு சிறு பங்கே உண்டு. அச்சத்தை உடல் ஏற்க உயிர்ச்சத்து டி தேவை. அது பெரும்பாலும் தோலில் வெயில் படுவதால் உண்டாவது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு விரைவாகத் தேய்வதால், இவ்விரண்டும் அவர்களுக்கு மேலும் தேவையாகின்றன.

சட்ட நிலை

1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நடுவண் குழுச் சட்டம், பட்டமின்றி நெடுநாள் தொழில் செய்துவந்த சிலருக்கு வரையறுக்கப்பட்ட பாதுகாப்பை அளித்தது. அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்துள்ளது. கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், உரிய தகுதியும் பதிவும் அற்றோர் மரபின் பெயரால் மருத்துவம் பார்க்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மறுபுறம், இந்தியத் தரக் குழுமம் மரபு வைத்தியர்களின் அறிவை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் தன்னார்வத் திட்டம் ஒன்றை வகுத்துள்ளது. எலும்பு வைத்தியமும் அதன் துறைகளுள் ஒன்று. அச்சான்று அறிவுக்கு உரியதேயன்றி மருத்துவப் பதிவுக்கு ஈடானதன்று. புத்தூர்க் கட்டுப் போடும் நிலையங்களில் சிலவற்றில் பதிவுபெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் இருப்பார்; பலவற்றில் இருப்பதில்லை. நோயாளி அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பதிவு எண் பலகையில் எழுதப்பட்டிருக்கும்.